கடுகுமாவும் குளிர்நீரும்: ஆங்கிலக் காரக்கடுகின் சமூக வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

'கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது' என்பது தமிழர் நாவிற் பழகிய பழமொழி. சிறியதைச் சிறிதென இகழலாகாது என்னும் பொருளில் அது பொருத்தமானதே. ஆயினும் இரசாயன நூலார் அதனை அவ்வாறே ஏற்றுக்கொள்ளமாட்டார். முழுக்கடுகிற் காரம் இல்லை. அதனை உலர்நிலையில் இடித்து மாவாக்கினாலும் அம்மாவிலும் காரம் இல்லை. நாவில் இட்ட உலர்ந்த கடுகுமா முதலிற் கசக்கும்; உமிழ்நீர் பட்டுச் சில கணங்கள் கழிந்த பின்னரே எரியத் தொடங்கும். காரம் என்பது கடுகில் உறைந்து கிடக்கும் பொருளன்று. உடைந்த கடுகும் நீரும் கூடுமிடத்துப் புதிதாகப் பிறப்பது. இவ்வுண்மை விஞ்ஞானிகளுக்குத் தெரியவந்தது 19-ஆம் நூற்றாண்டிலேயே. ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அடுக்களையில் நின்றவர்கள் அதனைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். கடுகுமாவைக் குளிர்நீரிற் குழைத்துக் காரக்கடுகு செய்யும் ஆங்கில வழக்கத்தின் வரலாறு, இவ்விருவகை அறிவுக்கும் வணிகத்துக்குமிடையே நிகழ்ந்த நீண்ட கொடுக்கல் வாங்கலின் வரலாறாகும்.

முதலிற் செய்முறையைச் சொல்லிவிடுதல் நன்று; பின்னர் வருவன அதனாலேயே விளங்கும். ஒரு கரண்டி கடுகுமாவுக்கு ஏறத்தாழ ஒரு கரண்டி குளிர்நீர் சேர்த்துக் கட்டியின்றிக் குழைத்து, 10 முதல் 15 நிமிடம் வரை மூடிவைக்கவேண்டும். அவ்வளவே. அந்நேரத்துக்குள் காரம் உச்சத்தை எட்டிவிடும். உப்பு, சீனி, வினாகிரி முதலியவற்றைச் சேர்க்க விரும்புவோர் அதன் பின்னரே சேர்ப்பர். கொதிநீரில் குழைத்தாற் காரம் தோன்றாது, கசப்பே மிஞ்சும். முதலிலேயே வினாகிரியிற் குழைத்தாற் காரம் மந்தமாகப் பிறக்கும். வெறும் நீரிற் குழைத்ததைச் சில மணி நேரம் வைத்திருந்தாலோ பிறந்த காரம் தானே ஒடுங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு வேளைக்கும் வேண்டிய அளவை அவ்வவ்வேளையிலேயே குழைத்தல் ஆங்கிலேய இல்லங்களின் வழக்கமாயிற்று.

இதன் காரணத்தைத் தேடிச் சென்றவருள் முதன்மையானவர் பிரெஞ்சு இரசாயனவியலாளரான புஸி. 1840-இல் அவர் கருங்கடுகிலிருந்து இரு பொருள்களை வேறுபடுத்திக் காட்டினார். ஒன்று, இன்று சினிகிறின் எனப்படும் சேர்வை. மற்றையது, அதனைச் சிதைக்கும் நொதியமாகிய மைரோசினேஸ். இவை வித்தினுள் வெவ்வேறு கலங்களிற் பிரிந்து கிடக்கின்றன. வித்து நொறுங்கி நீர் சேரும்போதே ஒன்றையொன்று சந்திக்கின்றன. நொதியம் சினிகிறினைப் பிளக்க, ஆவியாகி மூக்கிலேறும் கடுகுக்காரம் பிறக்கின்றது. வெண்கடுகில் சினிகிறினுக்குப் பதிலாகச் சினல்பின் உண்டு. அதிலிருந்து பிறக்கும் காரம் எளிதில் ஆவியாவதில்லை. ஆதலின் மூக்கைத் தாக்காது நாவிலேயே நிற்கும். ஆங்கிலக் கடுகுமா இவ்விரு வித்துகளும் கலந்தது. நாவுக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று என்று சொன்னால் மிகையாகாது. கொதிநீர் நொதியத்தை அழித்துவிடுகின்றது. அமிலம் அதன் வேகத்தைக் குறைக்கின்றது, ஆனால் பிறந்த காரத்தை நெடுநேரம் காக்கின்றது. நரம்பு முனைகளில் இக்காரத்தை உணரும் வாயில் எதுவென்பது துலங்கியதோ 2004-ஆம் ஆண்டளவிலேதான்.

தமிழ்ச் சமையலறையின் தாளிதமும் இங்கு நினைக்கத்தக்கது. கொதிக்கும் எண்ணெயிற் கடுகு முழுதாக இடப்பட்டு வெடிக்கின்றது. நீர் படுமுன்னரே வெப்பம் நொதியத்தைச் செயலிழக்கச் செய்துவிடுவதால் வறுத்த பருப்பின் மணமும் மெல்லிய கசப்புமே எஞ்சுகின்றன; எரிவு இல்லை. ஒரே வித்து, இரு நாடுகளில், இரு வேறு பொருளாகின்றது. பண்டைத் தமிழகத்திலோ அது உணவுக்கு அப்பாலும் சென்றது. போரிற் புண்பட்ட வீரனைப் பேய் அணுகாது காக்கும்பொருட்டு ஐயவி எனும் வெண்சிறுகடுகைச் சிதறிய வழக்கத்தைப் புறநானூறு காட்டுகின்றது.

ஐரோப்பாவிற் கடுகைக் குழைத்து உண்ணும் வழக்கம் உரோமரிடம் தெளிவாகக் காணப்படுகின்றது. கி.பி. முதலாம் நூற்றாண்டினரான கொலுமெல்லா தம் வேளாண்மை நூலின் 12-ஆம் பகுதியிற் கடுகைக் கழுவி, ஊறவைத்து, இடித்து, கசப்பு நீக்கி, வினாகிரி சேர்த்துச் செய்யும் முறையை விரித்துரைக்கின்றார். விருந்துக்காயின் பைன் பருப்பையும் வாதுமையையும் அரைத்துச் சேர்க்கலாம் என்கிறார். திராட்சையின் புதிய பிழிசாறு இலத்தீனில் 'முஸ்தும்' எனப்பட்டது. அச்சாற்றிற் கடுகைக் குழைத்தமையாலேயே பிரெஞ்சு மொழியின் 'மூத்தார்ட்', ஆங்கிலத்தின் 'மஸ்ரட்' ஆகிய பெயர்கள் தோன்றின. வித்தின் பெயரன்று, குழைக்கும் திரவத்தின் பெயரே பண்டத்துக்கு ஆகிவந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இடைக்கால இங்கிலாந்திற் கடுகு எளியவருக்கும் கிட்டிய காரப்பொருள். மிளகு கடல் கடந்து வந்தது. அதன் விலையில் அரபு வணிகரதும் வெனிஸ் வணிகரதும் இலாபங்கள் ஏறியிருந்தன. கடுகோ உள்ளூர் வயலில் விளைந்தது. உப்பிட்ட இறைச்சியும் உப்பிட்ட மீனும் குளிர்காலம் முழுவதும் உண்ணப்பட்ட ஒரு நாட்டில் அவற்றின் சலிப்பைப் போக்கும் ஒரு பொருள் இன்றியமையாததாயிற்று. வீடுகளில் உரலிலும் திரிகையிலும் கடுகை அரைத்தனர். நகரங்களில் மெழுகுதிரியும் சில்லறைப் பண்டங்களும் விற்ற கடைக்காரர் குழைத்த கடுகை விற்றனர்.

இக்கடைச்சரக்கின் தரம் பற்றிய முறைப்பாடு ஒன்றே இவ்வரலாற்றின் முக்கியமான ஆவணமாக அமைந்துவிட்டது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த 'பெருமாட்டியருக்கான இன்பங்கள்' என்னும் சிறு நூலில், சேர் ஹியூ பிளாட் என்பவர் கடைக்காரர் கடுகில் அருவருக்கத்தக்க கெட்ட வினாகிரி கலப்பதைக் கண்டிக்கின்றார். அதற்கு மாற்றாக அவர் கூறுவதே இங்கு முக்கியம். வெனிஸ் நகரச் சந்தைகளில் இங்கிலாந்திற் கோதுமை மா விற்கப்படுவதுபோலக் கடுகுமா விற்கப்படுகிறது. அதனை வாங்கி வினாகிரி சேர்த்தால் இரண்டு மூன்று நாளில் நல்ல கடுகு ஆகும். அரைக்குமுன் வித்தை நெருப்பருகே உலர்த்தி, அரைத்தபின் கோதை அரித்து நீக்கினால் இன்னும் சிறக்கும். அரைப்பதற்கு ஒல்லாந்து இரும்புத் திரிகையோ சாதாரண மிளகுத் திரிகையோ போதும் என்பது அவர் கூற்றின் சாரம். உலர்த்தல், அரைத்தல், அரித்தல் எனும் மூன்று படிகளும் இதில் உள்ளன. கடுகுமாத் தொழிலின் இரகசியம் என்று பிற்காலத்திற் பேசப்பட்டது அனைத்தும் அச்சில் வந்து எவரும் படிக்கக் கிடந்தது என்பதே இதன் பொருள்.

எனினும் அந்நூற்றாண்டில் இங்கிலாந்திற் பெயர்பெற்றது மாவன்று, உருண்டை. குளொஸ்ரர்ஷயரிலுள்ள ரியூக்ஸ்பெரி என்னும் ஊரில் கடுகை இடித்து, ஹோஸ்ராடிஷ் எனும் காரவேரைச் சேர்த்து, உருண்டைகளாகப் பிடித்து உலர்த்தி விற்றனர். வாங்கியவர் ஓர் உருண்டையை உடைத்து வினாகிரியிலோ வேறு திரவத்திலோ கரைத்துக்கொண்டனர். நான்காம் ஹென்றி நாடகத்தின் இரண்டாம் பாகத்தில் ஷேக்ஸ்பியர் ஒருவனுடைய தடித்த புத்தியை ரியூக்ஸ்பெரிக் கடுகின் தடிப்போடு ஒப்பிடவைத்தமை, அப்பண்டம் இலண்டன் நாடகக் கொட்டகையின் சாதாரண மக்களுக்கும் அறிமுகமாயிருந்ததைக் காட்டும். 1699-இல் ஜோன் ஈவ்லின் வெளியிட்ட 'அசிற்றேரியா' எனும் இலைக்கறி நூலிலும் ரியூக்ஸ்பெரிக் கடுகு புகழப்படுகின்றது. வித்தைக் கோது நீக்கி, அளவோடு உலர்த்தி, ஹோஸ்ராடிஷ் ஊறிய வினாகிரியிற் குழைக்கவேண்டும் என்று கூறும் ஈவ்லின், அரைக்கும் கருவிகளை அடுக்குகையில் உரலைக் கூறுகின்றார், இதற்கெனவே அமைந்த திரிகையைக் கூறுகின்றார்; இடையே மெருகேறிய பீரங்கிக் குண்டு ஒன்றையும் கூறுகின்றார். பெரிய மரத்தட்டிற் கடுகைப் பரப்பி, அதன்மேற் குண்டை உருட்டி நசுக்குதல் அம்முறை. போருக்கு வார்க்கப்பட்ட இரும்பு அடுக்களையிற் கடுகு நசுக்கியது என்பது வரலாற்றின் சிறு குறும்புகளுள் ஒன்று.

இனி, ஆங்கிலக் கடுகு பற்றிய நூல்கள் பலவும் தவறாது சொல்லும் கதைக்கு வருவோம். 1720-ஆம் ஆண்டளவில் டேர்ஹம் நகரில் வாழ்ந்த கிளெமென்ற்ஸ் என்னும் மூதாட்டி, கோதுமையை அரைப்பதுபோலக் கடுகை ஆலையில் அரைத்து மாவாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதனை நெடுங்காலம் இரகசியமாகக் காத்தார். ஆண்டுக்கு இருமுறை ஊரூராகச் சென்று வியாபாரம் செய்தார். முதலாம் ஜோர்ஜ் மன்னர் அதனைச் சுவைத்துப் பாராட்டவே நாடெங்கும் அது பரவிற்று. 'டேர்ஹம் கடுகு' என்னும் பெயரும் எழுந்தது என்பது அக்கதை. கதை விரிவாகக் கிடைப்பது 19-ஆம் நூற்றாண்டு எழுத்துகளில். அதாவது நிகழ்ச்சிக்கும் ஏட்டுக்கும் இடையே ஏறத்தாழ நூறாண்டு இடைவெளி.

இக்கதையை முற்றாகத் தள்ளிவிடுவது எளிது; முற்றாக ஏற்பதும் எளிது. இரண்டும் தவறு எனலாம். மாவாக்கும் முறையை அவர் முதன்முதற் கண்டுபிடித்தார் என்பது நிற்காது. பிளாட் கூறியிருப்பதே போதிய மறுப்பு. ஏட்டுச்சான்று மட்டுமன்றிப் பொருட்சான்றும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் செய்யப்பட்ட ஆங்கில வெள்ளித் தூவற்குப்பிகள் மூன்று கொண்ட தொகுதிகளாகக் கிடைக்கின்றன. சீனிக்கு ஒன்று, மிளகுக்கு ஒன்று. இவற்றின் மூடிகளில் துளைகள் உள்ளன. மூன்றாவதன் மூடியில் துளை போன்ற அலங்காரம் உண்டு; துளை இல்லை. 'குருட்டுக் குப்பி' எனப்படும் இது உலர்ந்த கடுகுமாவுக்கு உரியது. அதனைத் திறந்து சிறு கரண்டியால் எடுத்துத் தட்டின் ஓரத்திற் குழைத்துக்கொண்டனர். 1720-க்கு முன்னரே செல்வர் மேசையிற் கடுகுமா இருந்தது என்பதற்கு இக்குருட்டுக் குப்பிகள் பேசும் சாட்சிகள்.

அங்ஙனமாயின் கிளெமென்ற்ஸ் அம்மையார் செய்தது என்ன? அரைத்தலின் தொழில்நுட்பத்தை நோக்கினால் விடை ஒருவாறு கிட்டும். கடுகு கோதுமை போன்றதன்று. அதன் எடையில் ஏறத்தாழ நான்கிலொன்று முதல் மூன்றிலொன்று வரை எண்ணெய். சாதாரண மா அரைக்கும் கற்களிடையே அதனை இட்டால் எண்ணெய் கசிந்து கல்லிற் பசைபோல ஒட்டும். கல் சூடேறினால் நொதியம் கெட்டுக் காரமும் போகும். வித்தை அளவோடு உலர்த்தி, முதலில் நொறுக்கி, பின்னர் இடித்து, மெல்லிய துணியரிப்பிற் பலமுறை அரித்து எடுத்தாலன்றி நுண்மா கிட்டாது. அடுக்களையில் ஒரு பிடி செய்வது வேறு. நாடு முழுவதும் விற்குமளவு ஒரே தரத்திற் செய்வது வேறு. அவ்வளவை மாற்றத்தையே அவர் நிகழ்த்தினார் எனக் கருத இடமுண்டு. வீட்டிற் பெண்கள் செய்துவந்த ஒரு வேலையைச் சந்தைக்குரிய தொழிலாக்கியவரும் ஒரு பெண்ணே. ஆனால் அத்தொழில் பெருகியபின் அதன் உரிமையாளர் பட்டியலிற் பெண்களின் பெயரைத் தேடவேண்டியிருக்கிறது. அவருடைய இயற்பெயர்கூட அக்கதையில் இடம்பெறவில்லை. கணவன் வழிப் பெயரோடு அவர் நின்றுவிடுகிறார்.

1742-இல் இலண்டன் கார்லிக் ஹில்லிற் கீன் என்பாரின் நிறுவனம் கடுகுத் தொழிலைத் தொடங்கிற்று. 'கடுகைப்போல் ஊக்கமுடையவன்' என்று பொருள்படும் 'கீன் அஸ் மஸ்ரட்' எனும் ஆங்கில மரபுத்தொடர் இந்நிறுவனத்தின் பெயரால் எழுந்தது எனப் பலர் எழுதியுள்ளனர். 17-ஆம் நூற்றாண்டிலேயே அத்தொடர் அச்சேறியிருப்பதால் அது பொருந்தாது. சுவையான காரணங்கள் பெரும்பாலும் பிந்திப் பிறந்தவையாகவே இருக்கின்றன.

தொழில் வளர, அதனோடு கலப்படமும் வளர்ந்தது. கடுகுமா மஞ்சள் நிறம். அதனிற் கோதுமை மாவைக் கலந்தால் நிறம் வெளிறும். வெளிறிய நிறத்தை மீட்க மஞ்சள்தூள் சேர்ப்பர். இங்கிலாந்தின் கடுகை ஆசியாவின் மஞ்சள் நிறமூட்டியது. 1851 முதல் 1854 வரை 'லான்செற்' மருத்துவ இதழிற்காக ஆதர் ஹில் ஹசல் என்னும் மருத்துவர் இலண்டன் கடைகளில் உணவுப் பொருள்களை வாங்கி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து ஆராய்ந்தார். அவர் சோதித்த கடுகுமா மாதிரிகளில் ஒன்றேனும் தூயதாக இல்லை. அனைத்திலும் கோதுமை மாவும் மஞ்சளும் இருந்தன. விற்றவரின் பெயரையும் முகவரியையும் அவ்விதழ் வெளியிட்டமை அக்காலத்திற் பெரும் துணிவு. ஆலைக்காரர் தம் கட்சியையும் சொன்னார்கள்: தனிக்கடுகின் கடுமையைப் பலர் விரும்புவதில்லை, மா சேர்த்தால் அது மிருதுவாகும், குழைவும் நன்றாக அமையும் என்றனர். இவ்வாதத்தில் முழுப்பொய் இல்லை. ஆனால் வாங்குபவர் அறியாமல் மிருதுவாக்கி, கடுகின் விலையைக் கோதுமைக்கும் பெற்றமையே குற்றம். 1860-இலும் 1872-இலும் 1875-இலும் இயற்றப்பட்ட உணவுக் கலப்படச் சட்டங்களின் பின்னர், கலவையைக் கலவை என்றே எழுதி விற்கவேண்டிய நிலை வந்தது. இன்று சாடியில் விற்கப்படும் ஆயத்த ஆங்கிலக் கடுகின் ஒட்டுத்தாளிற் கோதுமை மாவும் மஞ்சளும் பகிரங்கமாக அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். மறைத்தபோது மோசடியாக இருந்தது, எழுதியபோது செய்முறையாகிவிட்டது.

இத்தொழிலின் பெரும்பெயர் கோல்மன். ஜெரமையா கோல்மன் என்னும் மா ஆலைக்காரர் 1814-இல் நோர்விச் நகருக்குத் தெற்கே, ராஸ் ஆற்றின் கரையிலுள்ள ஸ்ரோக் ஹோலி குறொஸ் எனும் ஊரில், கடுகும் கோதுமையும் அரைத்த நீராலை ஒன்றைப் பெற்றார். பிள்ளைகள் இல்லாத அவர், தாம் வளர்த்த மருமகன் ஜேம்ஸை 1823-இற் பங்காளியாக்கினார். ஜேம்ஸின் மகனாகிய ஜெரமையா ஜேம்ஸ் கோல்மன் காலத்தில், 1850-களில், தொழில் நோர்விச் நகரின் கரோவுக்குப் பெயர்ந்தது. அங்கு ஆறும் புகையிரதப் பாதையும் அருகருகே இருந்தன. 1855-இல் எருதுத்தலை இலச்சினை ஏற்கப்பட்டது; 1866-இல் விக்ரோறியா மகாராணியின் அரச நியமனம் கிடைத்தது. கிழக்கு ஆங்கிலியாவின் விவசாயிகள் ஆலைக்கென்றே கருங்கடுகும் வெண்கடுகும் பயிரிட்டனர். 1903-இற் கீன் நிறுவனமும் கோல்மனோடு இணைந்துவிட்டது.

கரோ ஆலையின் தொழிலாளர் நலன் பற்றிப் பெரிதாக எழுதப்பட்டுள்ளது. 1857-இற் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பாடசாலை திறக்கப்பட்டது. பின்னர் மலிவு விலை உணவுக்கூடம் அமைந்தது, வீடுகள் கட்டப்பட்டன. 1878-இல் பிலிப்பா பிளவர்டே என்னும் தாதி நியமிக்கப்பட்டார். பிரித்தானியாவின் முதற் தொழிற்சாலைத் தாதி எனப் பலராலும் கருதப்படும் இவர், நோயுற்ற தொழிலாளரை அவர்தம் வீடுகளுக்கே சென்று பார்த்தார். இவை மெய், இவற்றாற் பயனடைந்தோரும் பலர். எனினும் ஒரே கை கூலியையும் கொடுத்து, வீட்டையும் கொடுத்து, பிள்ளைக்குக் கல்வியையும் கொடுக்குமிடத்து, அக்கையை எதிர்த்து நிற்றல் தொழிலாளிக்கு எளிதன்று. ஜெரமையா ஜேம்ஸ் கோல்மன் 1871 முதல் 1895 வரை நோர்விச் தொகுதியின் லிபரற் கட்சிப் பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கினார் என்பதையும் சேர்த்தே நோக்கவேண்டும். அவரது தாராள மனத்தை ஐயுறுவதற்கு ஆதாரமில்லை. ஆனால் தனிமனிதரின் தாராளம் ஒரு நகரின் சமூக உறவுகளை விளக்கிவிடாது.

ஆலைக்கு வெளியே இன்னொரு தொழிலாளியும் இருந்தாள் என்பதே இங்கு அழுத்திக் கூறத்தக்கது. கடுகுமா முடிவடைந்த பண்டமன்று. ஆலை விற்றது பாதிப் பொருளை. மற்றப் பாதியை வீட்டின் பணிப்பெண்ணோ இல்லத்தரசியோ குளிர்நீர் ஊற்றி நிறைவேற்றினாள். இது வணிகரின் சூழ்ச்சியால் அமைந்ததன்று, இரசாயனத்தின் நியதி. காரத்தை முன்கூட்டியே பிறப்பித்து நீர்க்கலவையாக அனுப்பினால் அது வழியிலேயே ஒடுங்கிவிடும். உலர்மாவாக அனுப்பினால் தகரத்துள் மாதக்கணக்கில் காரம் பிறவாமல் உறங்கும். எனவே குழைக்கும் வேலை அடுக்களையிலேயே தங்கிற்று. நடுத்தர, மேல்தட்டு இல்லங்களில் மேசைக்கு முன்னர் அன்றன்றைய கடுகைக் குழைத்துச் சிறு வெள்ளிச் சாடியில் நிரப்புதல் பணியாளரின் கடமைகளுள் ஒன்று. கடுகு வெள்ளியைக் கறுக்கச் செய்வதால் சாடியின் உள்ளே நீலக்கண்ணாடிக் கிண்ணம் வைக்கப்பட்டது. அதனை நாள்தோறும் கழுவுதலும் அவள் வேலையே. கோல்மனின் செல்வம் மக்கள் உண்ட கடுகால் வந்ததன்று, தட்டோரத்தில் மிச்சம்விட்ட கடுகால் வந்தது எனக் கூறுவதுண்டு. இக்கூற்று ஒரு பகிடியாயினும், நாளுக்கு நாள் ஒடுங்கிவிடும் ஒரு பண்டத்தின் பொருளாதாரத்தை அது நன்றாகவே பிடித்துவிட்டது. எஞ்சியது மறுநாளைக்கு உதவாது. மறுநாளைக்குப் புதிய மா வேண்டும்.

இதே காலத்தில் பிரான்சு வேறு வழியிற் சென்றது. டிஜோன் நகரிற் கடுகை உலர்மாவாக அரைக்கவில்லை. திரவத்தோடு சேர்த்தே அரைத்தனர். 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வினாகிரிக்குப் பதிலாகப் பழுக்காத திராட்சையின் புளிச்சாற்றைச் சேர்த்தமை அதன் சுவைக்குத் தனித்தன்மை தந்தது. அமிலம் காரத்தின் பிறப்பைத் தாமதமாக்கினாலும் பிறந்ததைக் காத்தது. ஆகவே சாடியில் அடைத்துத் தொலைவுக்கு அனுப்ப முடிந்தது. அங்கு அறிவு முழுவதும் தொழிற்கூடத்தில் இருந்தது. வீட்டார் சாடியைத் திறந்தாற் போதும். இங்கிலாந்திலோ அறிவின் கடைசிப் பகுதி அடுக்களையிலேயே இருந்தது. இரு நாட்டுக் கடுகுகளுக்குமிடையேயுள்ள வேறுபாட்டைச் சுவையின் வேறுபாடாக மட்டும் காண்பது குறைப்பார்வை.

20-ஆம் நூற்றாண்டு இப்பிரிவினையை மெல்ல அழித்தது. வீட்டுப் பணியாளர் குறைந்தனர். காத்திருக்கும் 10 நிமிடமும் பாரமாயிற்று. ஆயத்தக் கடுகு சாடியிலும் குழாயிலும் வந்தது. 1926-இற் கோல்மன் நிறுவனத்துக்காக எஸ். எச். பென்சன் விளம்பரக் கழகம் 'கடுகுக் கழகம்' எனும் கற்பனைச் சங்கத்தைப் படைத்து நாடெங்கும் பரப்பியது. துப்பறியும் நாவல்களாற் பிற்காலத்திற் புகழ்பெற்ற டொறதி சேயர்ஸ் அவ்விளம்பரங்களை எழுதியோருள் ஒருவர். அடுக்களைப் பழக்கத்தாற் தானே விற்பனையான ஒரு பண்டத்துக்கு இவ்வளவு ஆரவாரம் தேவைப்பட்டமையே பழக்கம் தளர்ந்ததற்கு அறிகுறி. இதே நூற்றாண்டில் கடுகின் பெயரை வேறொரு கொடுமையும் பற்றிக்கொண்டது. 1917 ஜூலையில் ஈப்பர் போர்க்களத்தில் ஜேர்மனியர் ஏவிய 'கடுகு வாயு'வில் கடுகு எள்ளளவும் இல்லை. மணத்தையும் நிறத்தையும் கொண்டு படைவீரர் இட்ட பெயர் அது.

வயலிலும் மாற்றம் நேர்ந்தது. கருங்கடுகுச் செடி உயர்ந்து வளரும். நெற்றுகள் முற்றியதும் வெடித்து வித்தைச் சிதறிவிடும். கையால் அறுத்தபோது பொறுத்துக்கொள்ளப்பட்ட இக்குறை, அறுவடை இயந்திரம் வந்தபின் பொறுக்க முடியாததாயிற்று. 1950-களிலிருந்து அதன் இடத்தைப் பழுப்புக்கடுகு பிடித்தது. கருங்கடுகும் கோசுக்கிழங்கு இனமும் இயற்கையாகக் கலந்து பிறந்ததே பழுப்புக்கடுகு என்பதை நாகஹாரு ஊ எனும் தாவரவியலாளர் 1935-இல் நிறுவியிருந்தார். இந்தியத் துணைக்கண்டத்தில் நெடுங்காலம் பயிரான இனம் இதுவே. ஆகவே இன்று ஆங்கிலேயரின் மூக்கிலேறும் காரம் பெரும்பாலும் கீழைத்தேயக் கடுகின் இனத்தது. விளைநிலமும் பெயர்ந்தது; கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணம் உலகச் சந்தையின் முதன்மையான கடுகுக் களஞ்சியமாயிற்று. 2021-இல் அங்கு கடும் வறட்சி நேர, 2022-இற் பிரான்சின் கடைகளில் டிஜோன் கடுகுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. டிஜோன் என்பது ஊரின் பெயராக இருந்து செய்முறையின் பெயராகச் சுருங்கிவிட்டதை அப்போது பலர் உணர்ந்தனர்.

கோல்மன் நிறுவனம் 1938-இல் ரெக்கிற் நிறுவனத்தோடு சேர்ந்து, 1995-இல் யூனிலீவருக்குக் கைமாறியது. 2018 ஜனவரியில் கரோ ஆலையை மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது. 2019 ஜூலையில் அங்கு கடைசிச் சாடி நிரப்பப்பட்டது. கடுகை அரைக்கும் பணி நோர்விச்சுக்கு வெளியே, நோபோக் மாவட்டத்துக்குள்ளேயே, புதிய ஆலைக்குச் சென்றது. சாடியில் அடைக்கும் பணி வேறு மாவட்டத்துக்குப் போயிற்று. மஞ்சள் தகரத்தில் உலர்மா இன்றும் விற்கப்படுகின்றது. ஆனால் அதனை வாங்குவோரிற் பலர் இப்போது அதனைப் பாற்கட்டிக் குழம்பிலும் இறைச்சி மேற்பூச்சிலும் இடுவதற்கே வாங்குகின்றனர். சூட்டில் இட்டவுடன் காரம் பிறவாமலே அழிந்துவிடுகிறது.

இலங்கையில் இம்முறையின் ஒரு கிளை உயிரோடு உண்டு. மலாயரின் அச்சாறும் சிங்களவரின் அச்சாறும் கடுகை வறுப்பதில்லை. வினாகிரியோடு பச்சையாகவே அரைத்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கறிமிளகாய், பப்பாசிக்காய் முதலியவற்றோடு கலக்கின்றன. கடுகு தொடக்கத்திலேயே அமிலத்தைச் சந்திப்பதால் காரம் மெதுவாகப் பிறக்கின்றது. பிறந்தது நாட்கணக்கில் நிற்கின்றது. அச்சாற்றைச் செய்த அன்றே உண்ணாது ஓரிரு நாள் ஊறவைக்கும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம். முறையளவில் இது டிஜோனுக்கு அண்மையது, நோர்விச்சுக்கு அன்று. அம்மியில் அதனை அரைத்தவர்கள் புஸியின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவில்லை.